நீர்மேல் ஒரு குடித்தனம்

காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு மணம் பேசும்போது வீட்டைப் பற்றிய பேச்சுத்தான் முன்னால் வந்து நிற்கும். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பாரே அன்றி, பெண் புகுந்த வீடு தேடிப் போவதில்லை. ஆகையால் பெண்மகவு பிறந்த அன்றே மனை தேடத் தொடங்கிவிடும் தகப்பன்மார் எங்களிடையே பலர். ஆண்மக்களோ கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் பிழைப்பை நாடிக் கடல் கடப்பார்கள். மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துப் பொருள் சொல்வாருண்டு. பெண்ணுக்கு வீடு, ஆணுக்குக் கலம் என்பது எங்களுக்குள் எழுதப்படாத பாகப்பிரிவினை.

அந்த ஊரில் பிறந்து, நான் கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் உரியவளான என் மகள் இங்கிலாந்தில் ஒரு படகில் குடித்தனம் நடத்துகிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. செய்தி ஊரில் பரவியபோது, "உங்கள் மகள் தோணியில் இருக்கிறாளாமே!" என்று துக்கம் விசாரிப்பவர்களைப் போலக் கேட்டவர்கள் உண்டு. என் இல்லாளோ கேட்கவும் இல்லை, பேசவும் இல்லை, இரவில் விழித்திருந்தாள். மகள் இரண்டாவது முறையாகக் கருவுற்றிருந்தாள். பேறுகாலத்திற்கு அவளை ஊருக்கு அழைத்துவந்துவிட வேண்டும் என்னும் நோக்கத்தோடுதான் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் நான் விமானம் ஏறினேன்.

இலண்டனுக்கு வடமேற்கே ஹெமல் ஹெம்ஸ்டெட் என்னும் ஊரில், ரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் கிராண்ட் யூனியன் கால்வாய் வருகிறது. கரையோரம் வரிசையாகப் படகுகள். என் மகளின் படகு 57 அடி நீளம். அகலம் 6 அடி 10 அங்குலம். எஃகினால் ஆனது. தோணி என்பதை விட, சக்கரம் கழற்றி நீரில் இறக்கிய ரயில் பெட்டி என்றால் பொருந்தும். அணியத்திலிருந்து அமரம் வரை ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் உட்கார்ந்துவிட வேண்டும். முன்பக்கம் நிலக்கரியும் விறகும் எரிக்கும் இரும்பு அடுப்பு, அடுத்துச் சமையலிடம், பிறகு குளியலறை, பேரனுக்குக் கப்பல் கட்டில், கடைசியில் மகளும் மருமகனும் உறங்கும் இடம், அதற்கும் அப்பால் எஞ்சின். எனக்குப் பகலில் உணவு மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் ஒரு பலகை. நிமிர்ந்து நிற்கலாம். ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுவாகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் இந்தப் படகு? மருமகன் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். இலண்டனின் மேற்குப் புறத்தில் இரண்டு அறை கொண்ட வீட்டுக்கு அவர்கள் கொடுத்துவந்த வாடகை, சம்பளத்தில் பாதியை விழுங்கிற்று. வீடு வாங்கலாமென்றால் வங்கிக் கடன், கடனென்றால் வட்டி. வட்டியில்லா முறையில் வீடு வாங்க வழிசெய்யும் நிறுவனங்கள் அந்நாட்டில் உண்டு. ஆயினும் அவை கேட்கும் முன்பணம் இவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டியது இந்தப் பழைய படகு ஒன்றுதான். சேமித்த பணத்தையும், அவள் விருப்பப்பட்டே கழற்றிக் கொடுத்த சில நகைகளையும் சேர்த்து ரொக்கமாக வாங்கினார்கள். "வாப்பா, இதில் ஓர் ஆணிக்குக்கூட நாங்கள் வட்டி கொடுக்கவில்லை" என்று அவள் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. கொண்டுபோன நோக்கத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டேன்.

ஏழடிக்குள் அடங்கும் இந்த அகலத்திற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரிட்ஜ்வாட்டர் கோமகன் தம் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்குக் கரி கொண்டுசெல்ல வெட்டுவித்த கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அதன்பின் அந்நகரில் கரி விலை பாதியாகக் குறைந்ததாகச் சொல்வார்கள். அதை அமைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி, பிறகு டிரென்ட்–மெர்சி கால்வாயை வெட்டும்போது, செலவையும் நீரையும் மிச்சப்படுத்த வேண்டி, லாக்குகளை ஏழடி அகலத்திற்கே கட்டினார். லாக் என்பது நீர்ப்படிக்கட்டு. இரு புறமும் கதவு கொண்ட கல்தொட்டிக்குள் படகை நிறுத்தி, நீரை விட்டோ வடித்தோ படகை ஏற்றி இறக்குவது. நாட்டின் நடுப்பகுதியில் லாக்கு ஏழடி என்றான பிறகு அவ்வழியே செல்லும் படகும் ஏழடிக்குள் ஒடுங்கிற்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியாளர் பார்த்த சிக்கனக் கணக்கில்தான் இன்று என் மகளின் படுக்கையறை அடங்கியிருக்கிறது.

அன்றைய படகுகளில் சரக்குக்குத்தான் இடம், மனிதர்க்கு இல்லை. ரயில் வந்து கூலி குறைந்தபோது, கரையில் வாடகை கொடுக்க வகையற்ற படகோட்டிகள் மனைவி மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். அமரத்தில் பத்தடிக்குள் ஓர் அறை. அதற்குள் தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லோரும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் அறியாமல் வளர்ந்தார்கள். கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இதை எடுத்துச்சொல்லிப் போராடியதன் பயனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. 1884இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஒரு படகில் எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று வரையறுத்து, பிள்ளைகளின் படிப்பையும் கவனிக்கச் செய்த சட்டம் அது. வாடகைக்கு வழியில்லாமல் குடும்பம் படகேறிய அந்தக் கதையைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அதே காரணம்தானே இங்கும்! நாடகமேடைத் திரை போல ரோஜாப் பூவும் கோட்டையும் தீட்டிய அக்காலப் படகுகளின் அழகை இப்போது எல்லோரும் போற்றுகிறார்கள். அந்த ஓவியத்துக்குப் பின்னால் எத்தனை பேர் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இனி, நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றிலும் நீர் நிற்க, உள்ளே நீருக்குப் பஞ்சம். கால்வாய் நீர் குடிக்கவும் குளிக்கவும் ஆகாது. அணியத்தில் ஒரு தொட்டி. கரையில் ஆங்காங்கே வைத்திருக்கும் குழாயில் நீளக் குழல் மாட்டி அதை நிரப்ப வேண்டும். நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு தொட்டி நீர் அவர்கள் மூவருக்கும் எட்டு நாள் வரும். நான் போய்ச் சேர்ந்த பிறகு ஐந்தாம் நாளே பம்பு காற்றை இழுத்து இரைந்தது. காரணம் யாரென்று மருமகன் சொல்லவில்லை. மறுநாள் மகள் என் கையில் ஒரு கெண்டியைக் கொடுத்தாள். ஊரிலிருந்து அவள் உம்மா அனுப்பிய பழைய கெண்டி. அதில் முக்கால் அளவு நீரில் ஒளுவை நிறைவாக முடிக்கலாம் என்று ஏழு வயதுப் பேரன் எனக்குச் செய்து காட்டினான். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை விரயம் செய்யலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஸஅது (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தியை எத்தனையோ ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பள்ளிவாசல் ஹவுளின் கரையில் உட்கார்ந்து கேட்டவனுக்கு அது செய்தியாகத்தான் இருந்தது.

சொல்லக் கூசினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. படகின் கழிப்பிடத்தில் சேர்வதெல்லாம் ஒரு பெட்டியில் சேரும். நாம் நீரால் சுத்தம் செய்பவர்களாகையால் பெட்டி விரைவில் நிறைந்துவிடும். அதைக் கழற்றி, கை வண்டியில் வைத்து, அதற்கென உள்ள இடத்துக்குத் தள்ளிச் சென்று கொட்டிக் கழுவி வருவது மருமகனின் வேலை. இரவு வேலை முடிந்து வந்த மனிதர் விடியற்காலையில் அதைத் தள்ளிக்கொண்டு போவார். நான் முன்வந்தபோது, "மாமா, நீங்கள் விருந்தாளி" என்று தடுத்துவிட்டார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதைகளை எண்ணிப் பார்த்தேன். மனைவி வீட்டில் கைநனைக்கத் தண்ணீர் ஊற்றவும் ஆள் நிற்பார்களே!

தொழுகைக்குக் கிப்லா அங்கிருந்து தென்கிழக்கு. ஆனால் கால்வாய் நேராகப் போவதில்லை. மேட்டைச் சுற்றி, சமதளம் பார்த்து வளைந்து போகிறது. வடக்கு நோக்கி நிற்கும்போது தொழுகை விரிப்பு சமையலிடத்துக்குக் குறுக்கே கோணலாகக் கிடக்கும்; கிழக்கு நோக்கி நிறுத்தினால் ஏறக்குறைய நீளவாக்கில் நன்றாக அமையும். மறுமுறை நகர்த்தினால் மறுபடி மாறும். நகர்ந்த அன்று மாலை பேரன் திசைகாட்டியை எடுத்துவந்து, தரையில் நிறத்தாளை ஒட்டி வைப்பான். அவனுடைய பதவி அது. இருவர் சேர்ந்து நின்று ஜமாஅத்தாகத் தொழப் பெரும்பாலும் இடம் போதாது. நாங்கள் கரையிலேயே விரிப்பதுண்டு. அங்கே வேறொரு சங்கடம்: கால்வாய்க் கரையில் நாய் இல்லாத படகுக்காரரைக் காண்பது அரிது. ஷாஃபிஈ மத்ஹபுக்காரனுக்கு அன்புள்ள நாயைப் போல் அஞ்சத்தக்கது வேறில்லை. பக்கத்துப் படகின் மூதாட்டி எங்கள் நிலையறிந்து, நாங்கள் விரிப்பை எடுத்தாலே தம் நாயை உள்ளே அழைத்துக்கொள்வார்.

பதினான்கு நாள் கணக்குக்கு வருகிறேன். கரையில் நிலையான இடம் வாடகைக்குப் பிடித்தவர்கள் அங்கேயே நிற்கலாம். இலண்டன் பக்கத்தில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பணமும் வேண்டும், காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். இடம் பிடிக்காதவர்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறது: மெய்யாகவே பயணத்தில் இருக்க வேண்டும், ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கலாகாது, சூழ்நிலையால் நியாயமான அளவு கூடுதலாகத் தேவைப்பட்டாலன்றி. கால்வாய்களை 2012 முதல் நிருவகித்துவரும் அறக்கட்டளை, உரிமக் காலத்துக்குள் ஏறத்தாழ 20 மைல் பரப்புக்கேனும் படகு சென்றுவர வேண்டும் என எதிர்பார்க்கிறது. 2024 ஏப்ரல் முதல் இத்தகைய படகுகளுக்கு உரிமக் கட்டணமும் கூட்டப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போகும் தகப்பனும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் உள்ள குடும்பம் இதற்குள் எப்படி வாழ்வது? அவர்கள் விடுமுறையில் ஹெமல் வரை தொலைவாகப் போய்விட்டு, பள்ளி திறக்கும் காலத்தில் அக்ஸ்பிரிட்ஜ், கௌலி, ஹேஸ், சவுத்தால் என அருகருகே நகர்கிறார்கள். பேரன் சில வாரம் நடந்தும், சில வாரம் தகப்பனின் சைக்கிளில் பின்னால் அமர்ந்தும் பள்ளிக்குப் போகிறான்.

ஆகஸ்டு இறுதியில் அந்த இறக்கப் பயணத்தில் நானும் இருந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட லாக்குகள். வேகம் மணிக்கு 4 மைலுக்கு மிகலாகாது. கரையில் நடப்பவர் நம்மைக் கடந்து போவார். மருமகன் கையில் இரும்புக் கைப்பிடியோடு முன்னால் ஓடி மதகைத் திருகுவார்; சுக்கானைப் பிடித்து நிற்பவள் என் மகள். சுக்கானும் மாலுமியும் அரபியிலிருந்து நம் மொழிக்கு வந்த சொற்கள் என்பார்கள். கடலோடிய நம் முன்னோர் கொண்டுவந்த அந்தச் சொற்களுள் எதுவும் ஒரு பெண்ணின் கையோடு சேர்ந்து என் நினைவில் இருந்ததில்லை. டென்ஹாம் லாக்கு பதினோரடி ஆழம். இந்தக் கால்வாயிலேயே ஆழமானது. கதவடைத்து நீரை வடிக்கும்போது, பின்கதவின் அடியிலிருந்து ஒரு கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும். படகின் அமரம் அதன்மேல் தங்கிவிட்டால், முன்பக்கம் நீரோடு இறங்கப் பின்பக்கம் தொங்கி, கண்மூடித் திறப்பதற்குள் படகு மூழ்கும். சுவரில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு எச்சரித்திருக்கிறார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணி அந்தக் கோட்டின் மேல் கண் வைத்து, எஞ்சினை முன்னும் பின்னுமாக மெல்ல உந்தி, ஈரச் சுவர்களுக்கிடையே கிணற்றில் இறங்குவது போல் இறங்கினாள். நான் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் ஓதவில்லை, கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் இருபுற நீரும் சமமானதும், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கதவை மருமகன் முதுகால் தள்ளித் திறந்தார். நீர் சமமாகாதவரை பத்துப் பேர் தள்ளினாலும் அது அசையாது.

சவுத்தால் அருகே புல்ஸ் பிரிட்ஜ் என்னும் சந்தியில் நிறுத்தியிருந்த வாரங்கள் எனக்கு இனியவை. முற்காலத்தில் சரக்குப் படகுக் குடும்பங்கள் அடுத்த சரக்குக்கு உத்தரவு எதிர்பார்த்துக் காத்துக்கிடந்த இடம் அது. சவுத்தாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு ஆதர்ஸ்டன் பக்கமிருந்து கரி ஏற்றிவந்த ஓட்டம் 1970இல் நின்றது. நெடுந்தூரச் சரக்குக் குடும்பங்களின் காலமும் அத்தோடு ஏறத்தாழ முடிந்தது. இப்போது அங்கிருந்து நடந்தால் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை பஞ்சாபியும் உருதும் சோமாலியும் கலந்து கேட்கும். ஒருநாள் எஞ்சின் திணறி நின்றது. மருமகன் அமரத்தின் மூடியைத் திறந்து, தோள் வரை குளிர்நீரில் கைவிட்டு, விசிறியைச் சுற்றியிருந்த நான்கு கெஜம் சேலைத் துணியை அறுத்து எடுத்தார். சற்று நேரத்தில் இரண்டு முழுத் தேங்காய்கள் மிதந்து வந்தன. யாரோ காணிக்கையாக நீரில் விட்டவை. பேரன், "அப்பா, நம் ஊர்த் தேங்காய்!" என்று கூவினான். ஊரையே அறியாத பிள்ளைக்கு அது நம் ஊர்!

அங்கே இருந்தபோதுதான் என் நோக்கத்தை வெளியிட்டேன். குளிர்காலம் வருகிறது, காலையில் ஜன்னல்களில் நீர் வழிகிறது, அடுப்புப் புகையின் நச்சுக் காற்றை அறிவிக்க ஒரு கருவி சுவரில் தொங்குகிறது. அந்தக் கருவியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் கெட்டது. "ஊருக்கு வா மா, உன் வீடு இருக்கிறது. பயணத்தில் இருப்பவள் எப்படிப் பிள்ளை பெறுவாய்?" என்றேன்.

அவள் சட்டென்று பதில் சொல்லவில்லை. அடுப்பில் கரி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். "வாப்பா, நாங்கள் பயணத்திலா இருக்கிறோம்? பயணத்தில் இருந்தால் தொழுகையைச் சுருக்கியிருப்போமே!" என்றாள்.

பதினைந்து ஆண்டுகள் அவளுக்கு ஃபிக்ஹு சொல்லிக்கொடுத்த உஸ்தாதுமாரையும், அதற்குச் செலவழித்த என்னையும் ஒரே கேள்வியில் அவள் எதிரே நிறுத்திவிட்டாள். இரண்டு வாரத்துக்கொருமுறை நாலைந்து மைல் நகர்வது சுருக்கித் தொழும் தூரத்துக்கு எட்டாது என்பது எளிய விடை. அன்றிரவு நான் எண்ணியது வேறு. நெடுந்தூரம் போகும் கப்பலோட்டியையே எடுத்துக்கொள்வோம். மனைவி மக்களோடு கலத்திலேயே வாழும் மாலுமியைப் பற்றி நம் இமாம்கள் தனியாகப் பேசியிருக்கிறார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள், அத்தகையவன் சுருக்கித் தொழலாகாது என்றார்கள்; ஏனெனில் அவன் தன் வீட்டோடு இருக்கிறான். நம் ஷாஃபிஈ மத்ஹபில் அவன் சுருக்கலாம். ஆயினும் முழுமையாகத் தொழுவதே மேல். பாலைவன நாட்டில் பிறந்த சட்டம், நீர்மேல் குடும்பம் நடத்துவாரையும் மறவாமல், அசையும் பலகையை வீடு என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்நாட்டுச் சட்டமோ எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது: "நீ பயணிதான் என்பதை நகர்ந்து காட்டு" என்கிறது. இரண்டு சட்டத்துக்கும் நடுவே என் மகள் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எளிதில் விட்டுவிடவில்லை. பேறுகாலத்தில் தாயின் கை வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவள் மருத்துவமனையில் பதிவு செய்திருந்தாள். அதன் தாதியர் அவளை அறிவார்கள். மாதம் ஏறினால் விமானமும் ஏற்றாது. தகப்பனை விட்டுப் பேரனை அரை ஆண்டு பிரிக்க வேண்டும், பள்ளிக்கூடமும் போய்விடும். "சூழ்நிலையால் நியாயமான அளவு" என்று சட்டம் விட்டுவைத்த இடைவெளியைப் பற்றி மருமகன் எழுதிக் கேட்டார். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் கர்ப்பத்தையும் மகப்பேற்றையும் பாதுகாக்கப்பட்ட நிலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மருத்துவச் சீட்டோடு விண்ணப்பித்ததில், டிசம்பர் முதல் மார்ச் இறுதி வரை அக்ஸ்பிரிட்ஜில் நிற்க அனுமதி கிடைத்தது. கடிதம் நண்பரொருவர் முகவரிக்கு வந்தது. படகுக்குத்தான் முகவரி கிடையாதே.

ஆகவே மகள் வரவில்லை. அவள் உம்மா போனாள். நவம்பரில் நான் திரும்பிய பிறகு, டிசம்பரில், கம்பளி உடையும் கருப்பட்டியும் காயமருந்தும் கட்டிக்கொண்டு, ஊரெல்லையைத் தாண்டத் தயங்கிய என் இல்லாள் அந்தப் பெட்டிக்குள் போய்ப் புகுந்தாள். 2025 ஜனவரியில் மருத்துவமனையில் பேத்தி பிறந்தாள். மருமகன் காதில் பாங்கு சொன்னார். நாற்பது நாளும் அந்த இரும்பு அடுப்பருகே கழிந்தன. வெளியே கால்வாயின்மேல் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்ததாகவும், உள்ளே வியர்த்ததாகவும் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி என்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாக வந்தது.

மார்ச் முடிந்ததும் படகு நகர்ந்தாக வேண்டியிருந்தது. முளைகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டார்கள். டென்ஹாம் லாக்கில் இம்முறை ஏற்றம். சுக்கானில் மகள், கரையில் மருமகன், இரும்புக் கைப்பிடி பேரன் கையில். கீழே நுழைந்து கதவடைத்ததும் சுவர்கள் இருபுறமும் எழுந்து நிற்க, மடியில் பேத்தியை வைத்திருந்த என் இல்லாள் கண்ணை மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸீயை ஓதத் தொடங்கினாளாம். எத்தனை முறை என்று எண்ணவில்லை என்றாள். படகு ஆடுவது நின்று வெயில் முகத்தில் பட்டபோது கண் திறந்தாளாம். கதவின் மேல் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது. பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள்.